விமர்சகர் தோற்ற கதையும் விருது மேடை சொன்ன கதையும்: 1967-இன் ஒரு படத்தை முன்வைத்து

விருதுக் காலம் வந்துவிட்டால் திரை விமர்சகரின் கருத்துக்குப் புதிதாக ஒரு வேலை வந்து சேர்கிறது. ஆகஸ்டிலோ அக்டோபரிலோ படம் வெளியானபோது அவர் எழுதியதைப் பிப்ரவரியில் தேடி எடுத்து, அவர் புகழ்ந்த படம் பரிந்துரைப் பட்டியலில் இருக்கிறதா, அவர் ஒதுக்கிய படம் பரிசு வாங்கியதா என்று விடைத்தாள் திருத்துவதுபோல் மதிப்பெண் போடுகிறார்கள். இந்த மதிப்பெண் எதை அளக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அமெரிக்கத் திரை விமர்சன வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு நிகழ்வைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயன்தரும். வங்கிக் கொள்ளைக்கார இணை ஒன்றைப் பற்றி 1967-இல் வெளியான ‘பானி அண்ட் கிளைடு’ படத்தை நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் மூத்த விமர்சகர் பாஸ்லி கிரவுதர் கடுமையாகத் தாக்கினார், அப்போது நிலையான வேலைகூட இல்லாத பாலின் கேல் அதை நீண்ட கட்டுரையில் தாங்கிப் பிடித்தார், படம் பத்து ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றது, கிரவுதர் பதவியிழந்தார், கேலுக்கு வேலை கிடைத்தது. கதை வழக்கமாக இந்த இடத்தில் முடிந்துவிடும். நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை அதில் பிழையில்லை. ஆனால் அதிலிருந்து பொதுவாக எடுக்கப்படும் முடிவு, அதாவது பழைய விமர்சகர் காலத்தோடு ஒட்டாமல் தோற்றார், புதியவர் வென்றார் என்பது, அந்த ஆண்டின் விருதுப் பட்டியலை வரி வரியாகப் படித்தால் நிற்காது.

முதலில் படத்தின் பின்னணி. எஸ்குவயர் இதழில் வேலை பார்த்த டேவிட் நியூமன், ராபர்ட் பென்டன் என்ற இருவர், பிரெஞ்சுப் புதிய அலைப் படங்களில் மயங்கி எழுதிய திரைக்கதை அது. அந்த அலையின் இயக்குநர்களான பிரான்சுவா த்ரூஃபோவிடமும் பிறகு கோதாரிடமும் போய், யாரும் எடுக்காமல், கடைசியில் நடிகர் வாரன் பீட்டியின் கைக்கு வந்தது. முப்பது வயதான பீட்டி தானே தயாரிப்பாளராகி, கிளைடாகவும் நடித்து, ஆர்தர் பென்னை இயக்குநராக அமர்த்தினார். சுமார் 25 லட்சம் டாலர் செலவு. வார்னர் நிறுவனத்தின் தலைவர் ஜாக் வார்னருக்குப் படம் பிடிக்கவில்லை. அந்த ஆண்டு அவருடைய கவனமும் பெருமையும் ‘கேமலாட்’ என்ற பெருஞ்செலவு இசைப்படத்தின்மேல் இருந்தன. நம்பிக்கையில்லாத படத்துக்கு ஸ்டுடியோக்கள் வழக்கமாகச் செய்வதையே இதற்கும் செய்தார்கள். ஆகஸ்ட் மாதத்தில், பெரிய விளம்பரமில்லாமல், சில அரங்குகளோடு வெளியிட்டார்கள்.

ஆகஸ்ட் 4-ஆம் தேதி மாண்ட்ரியல் திரைப்பட விழாவில் முதல் காட்சி. விழாவிலிருந்து எழுதிய செய்தியிலேயே கிரவுதர் படத்தைச் சாடினார். நியூயார்க்கில் வெளியானதும் ஆகஸ்ட் 14 இதழில், கொடிய கொலைகளைக் கேலிக்கூத்தாக்கிய மலிவான படம் என்று தீர்த்துக்கட்டினார். வாசகர்கள் அவரை மறுத்துக் கடிதம் எழுதத் தொடங்கியபின், செப்டம்பர் 3-ஆம் தேதி ஞாயிறு இதழில் மூன்றாவது முறையாக எழுதி, தன் கருத்தில் மாற்றமில்லை என்றார். ஒரே படத்தின்மேல் ஒரே விமர்சகர் ஒரு மாதத்துக்குள் மூன்று முறை பாய்வது சாதாரணமாக நடப்பதில்லை. 1940 முதல் அந்த நாளிதழின் தலைமைத் திரை விமர்சகராக இருந்தவர் அவர். வெளிநாட்டுப் படங்களும் சிறு படங்களும் நியூயார்க் அரங்குகளில் எத்தனை வாரம் ஓடும் என்பதைத் தீர்மானிக்கும் அளவுக்கு அவருடைய பத்திக்குச் செல்வாக்கு இருந்தது.

கிரவுதரைப் பழமைவாதி என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது; அவருடைய முந்தைய பணியைப் பார்த்தவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். போருக்குப் பிந்தைய இத்தாலியப் புதிய எதார்த்தப் படங்களை அமெரிக்க வாசகர்களிடம் கொண்டுசேர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். ரோசெல்லினியின் ‘தி மிராக்கிள்’ குறும்படத்தை மத நிந்தனை என்று நியூயார்க் மாநிலம் தடை செய்தபோது அதை எதிர்த்து எழுதியவர். அந்த வழக்கில்தான் 1952-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், திரைப்படமும் பேச்சுச் சுதந்திரத்தின் பாதுகாப்புக்கு உரியது என்று தீர்ப்பளித்தது. தணிக்கைக்கு எதிராக இருபது ஆண்டுகள் எழுதிவந்த ஒருவர், தணிக்கை விதிகள் தளர்ந்துபோன நாளில் வந்த படத்தைக் கண்டு திடுக்கிட்டார் என்பது இந்தக் கதையில் உள்ள உண்மையான முடிச்சு.

அவருடைய முதல் பார்வை எப்போதும் நம்பத்தக்கதாக இருந்ததில்லை என்பதும் உண்மை. 1958-இல் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ நியூயார்க்கில் வெளியானபோது, இவ்வளவு தளர்வான கட்டமைப்பும் மந்தமான ஓட்டமும் உள்ள படத்தை ஹாலிவுட் படத்தொகுப்பாளர்கள் முதல்கட்டத் தொகுப்பு என்றுகூட ஏற்கமாட்டார்கள் என்ற பொருளில் எழுதினார்; அதே விமர்சனத்தில், போகப்போகப் படத்தின் அழகு மெல்லப் பிடிபடுவதையும் ஒப்புக்கொண்டார். அந்தப் படம் ஃபிஃப்த் அவென்யூ பிளேஹவுஸ் அரங்கில் எட்டு மாதம் ஓடியது. 1960-இல் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வைக் குறைந்த செலவில் ஒப்பேற்றிய வேலை என்ற தொனியில் வரவேற்றவர், ஆண்டு முடிவில் தன் பத்துச் சிறந்த படங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தார். ஆக, மனம் மாறத் தெரியாதவர் என்றும் அவரைச் சொல்ல முடியாது. இந்தப் படத்தில்தான் அவர் மாற மறுத்தார். ஏன் என்பது கேட்கவேண்டிய கேள்வி.

அவருடைய எதிர்ப்பின் மையத்தில் வரலாறு இருந்தது. பானி பார்க்கரும் கிளைடு பாரோவும் உண்மையில் வாழ்ந்தவர்கள். 1934 மே 23-ஆம் தேதி லூசியானா மாநிலத்தில் சாலையோரம் பதுங்கியிருந்த காவலர்களால் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள். அதற்கு முன் அவர்களுடைய கும்பல் குறைந்தது ஒன்பது காவலர்களையும் சில பொதுமக்களையும் கொன்றிருந்தது. 1905-இல் பிறந்த கிரவுதருக்கு அது புத்தகத்தில் படித்த செய்தியில்லை. இளம் பத்திரிகையாளராக நாளிதழ் அலுவலகத்தில் இருந்தபோது நடந்தது. அழகான இரு நடிகர்களை அந்த வேடங்களில் நிறுத்தி, அவர்களைத் துரத்திய காவல் அதிகாரி ஃபிராங்க் ஹேமரைக் கையில் விலங்கு பூட்டி அவமானப்படுத்தும் காட்சியையும் கற்பித்திருக்கிறார்கள் என்பது அவருக்கு வரலாற்றுக்குச் செய்த துரோகமாகப் பட்டது. இந்தப் புகாருக்கு வலு இல்லாமலில்லை. ஹேமரின் குடும்பத்தார் வார்னர் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்து 1971-இல் இழப்பீடு பெற்றார்கள். கும்பலில் உயிர் தப்பிய பிளான்ச் பாரோவுக்கும், திரையில் தன்னை ஓயாமல் அலறும் பெண்ணாகக் காட்டியது கடைசிவரை பிடிக்கவில்லை. அந்த வேடத்தில் நடித்த எஸ்டெல் பார்சன்ஸுக்குத்தான் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் கிடைத்தது. கலைக்குக் கிடைத்த பரிசும் உண்மை மனிதரின் மனக்குறையும் ஒரே வேடத்தைப் பற்றியவை. ஒன்று மற்றொன்றை இல்லாமலாக்கிவிடுவதில்லை.

இனி, கிரவுதருக்கும் கேலுக்கும் இடையிலான பிளவு எங்கே விழுகிறது என்பதை ஒரு காட்சியை வைத்தே காட்டிவிடலாம். கும்பலில் புதிதாகச் சேர்ந்த சி. டபிள்யூ. மாஸ் என்ற இளைஞன் வங்கிக்கு வெளியே காரோடு காத்திருக்க வேண்டும். கொள்ளையடித்ததும் தப்பி ஓட வேண்டிய கார் அது. அவனோ காலியான இடம் ஒன்றைக் கண்டதும், ஒழுங்கான ஓட்டுநர்போல இரண்டு கார்களுக்கு நடுவில் சிரத்தையாகப் பின்னோக்கி நுழைத்து நிறுத்திவிடுகிறான். பணத்தோடு ஓடிவந்த கிளைடும் பானியும் காரைத் தேடுகிறார்கள். ஏறியபின் கார் வெளியே வரமுடியாமல் முன்னும் பின்னும் இடிக்கிறது. அரங்கம் சிரிக்கிறது, சிரிக்கத்தான் எடுத்திருக்கிறார்கள். கார் ஒருவழியாகச் சாலைக்கு வரும்போது வங்கியின் வயதான ஊழியர் ஒருவர் ஓடிவந்து காரின் பக்கப்படியில் தொற்றிக்கொள்கிறார். பதற்றத்தில் கிளைடு சுடுகிறான். கண்ணாடி உடைய, அதன் மறுபுறம் இருந்த முகம் இரத்தமாகிறது. சுடும் துப்பாக்கியை ஒரு ஷாட்டிலும் விழும் மனிதனை அடுத்த ஷாட்டிலும் காட்டுவது அதுவரை ஹாலிவுட்டில் எழுதப்படாத வழக்கம். இங்கே கண்ணாடியும் முகமும் இரத்தமும் இடைவெட்டுக்கு நேரம் தராமல் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. ஒரு நொடிக்கு முன் சிரித்த பார்வையாளர் அந்தச் சிரிப்பை விழுங்க வேண்டியிருக்கிறது.

அடுத்த காட்சியில் மூவரும் ஒளிந்துகொள்வது ஒரு திரையரங்கில். 1933-இல் வந்த இசைப்படம் ஒன்றின், பணம் கொழிப்பதைப் பாடும் பாட்டு திரையில் ஓடுகிறது. கிளைடு பின்வரிசையில் இருந்தபடி இளைஞனை அடித்துத் திட்டுகிறான். பானியோ படம் பார்க்கவிடாமல் தொந்தரவு செய்கிறார்கள் என்று எரிச்சல்படுகிறாள். ஒரு கொலை நடந்து சில நிமிடம்தான் ஆகியிருக்கிறது.

நகைச்சுவையையும் கொலையையும் இப்படிக் கலந்ததை கிரவுதர் ரசனைக்கேடு என்றார். தொனியில் நிதானம் தவறிய படம் என்று அவருக்குத் தோன்றியது. கேலுக்கு அந்தக் கலவைதான் படம். பார்வையாளர்கள் சிரித்துக்கொண்டே போய் முகத்தில் அறை வாங்குகிறார்கள். பழைய குற்றப் படங்களில் வலிக்காமல் விழுந்த உடல்களுக்குப் பதிலாக மரணத்துக்கு மீண்டும் வலி வந்திருக்கிறது. தன்னைப் பார்த்துச் சிரித்தவரை அந்தச் சிரிப்புக்குப் பொறுப்பாக்குகிறது இந்தப் படம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். கவனிக்க வேண்டியது, இருவரும் ஒரே காட்சியைத்தான் பார்த்தார்கள், அதில் என்ன நடக்கிறது என்பதிலும் அவர்களுக்குள் பெரிய வேறுபாடில்லை. கிரவுதரின் விவரிப்பு பிழையானதென்று கேல் காட்டவில்லை. அவர் குறையென்று சொன்னதே சாதனை என்று வாதிட்டார். விமர்சனம் என்ற வேலையின் இயல்பே இதுதான் என்று நினைக்கிறேன். நல்ல விமர்சகர் தவறான தீர்ப்புச் சொன்னாலும், படத்தில் எந்த இடத்தைத் தொட்டால் துடிக்கும் என்பதைச் சரியாகக் காட்டிவிடுகிறார்.

கேல் அப்போது நாற்பத்தெட்டு வயதுக்காரர். கலிஃபோர்னியாவில் பிறந்து, பெர்க்லியில் சிறு திரையரங்கு நடத்தி, வானொலியில் ஊதியமில்லாமல் படங்களைப் பற்றிப் பேசி, 1965-இல் வந்த கட்டுரைத் தொகுப்பால் பெயர்பெற்றவர். அதன்பின் சேர்ந்த ஒரு பெண்கள் இதழில் சில மாதங்களே நீடித்தார். பிறகு நியூ ரிபப்ளிக் இதழில் எழுதிவந்தார். ‘பானி அண்ட் கிளைடு’ பற்றிய கட்டுரையை அவர்கள் வெளியிட மறுத்தார்கள். சுமார் ஏழாயிரம் சொற்கள் கொண்ட அந்தக் கட்டுரையை வில்லியம் ஷான் ஆசிரியராக இருந்த நியூயார்க்கர் இதழ் 1967 அக்டோபர் 21-ஆம் தேதி வெளியிட்டது. அந்த இதழின் விமர்சகர் பெனலோப்பி கில்லியட் ஆகஸ்டிலேயே படத்தைப் பாராட்டி எழுதியிருந்தார் என்பதை இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஏனோ விட்டுவிடுகிறார்கள். சிகாகோவில் பணியேற்று ஆறு மாதம்கூட ஆகாத ராஜர் ஈபர்ட்டும் செப்டம்பரில் இதை அமெரிக்கத் திரையின் ஒரு மைல்கல் என்று எழுதிவிட்டார். தனியொருவராக கேல் படத்தை மீட்டார் என்பது ஓரளவு அலங்காரம்தான்.

ஆனால் மற்றவர்களின் பாராட்டுக்கும் கேலின் கட்டுரைக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. வெளியீட்டு வார விமர்சனத்துக்கு இடம் குறைவு, நேரமும் குறைவு. ஓர் இரவில் எழுதி முடிக்க வேண்டும். கேல் இரண்டு மாத விவாதம் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு எழுதினார். இதே சோடியை அடியொற்றி 1930-களிலும் 1940-களிலும் வந்த முந்தைய படங்களோடு ஒப்பிட்டார். வரலாற்றுத் துரோகம் என்ற புகாரை எடுத்துக்கொண்டு, ஷேக்ஸ்பியர் காலத்திலிருந்து நாடகங்கள் எதைச் செய்துவந்தனவோ அதையே இதுவும் செய்கிறது என்றார். எதிர்ப்பாளர்கள் ஏன் இந்தப் படத்தில் மட்டும் இவ்வளவு பதறுகிறார்கள் என்று கேட்டார். கண்மூடிப் புகழவுமில்லை. படத்தின் பலத்தில் பெரும்பங்கைத் திரைக்கதையாசிரியர்களுக்குக் கொடுத்து, இயக்குநரின் சில தேர்வுகளைக் குறை சொன்னார். படிப்பவர் தன் கருத்தை வைத்துக்கொண்டே அவரோடு வாதாட இடமிருக்கும்படி எழுதப்பட்ட கட்டுரை அது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்கள் இருவருமில்லை, நியூஸ்வீக் வார இதழின் ஜோ மார்கன்ஸ்டர்ன். ஆகஸ்டில் அவரும் படத்தை மூடர்களுக்காக எடுத்த அழுக்கான துப்பாக்கிப் படம் என்ற ரீதியில் ஒதுக்கினார். அந்த வார இறுதியில் சாதாரணப் பார்வையாளர்களோடு அரங்கில் உட்கார்ந்து மறுபடியும் பார்த்தார். அடுத்த வார இதழில், தன் முந்தைய விமர்சனம் மிகவும் அநியாயமானது என்றும், வருத்தத்துக்குரிய வகையில் பிழையானது என்றும் வெளிப்படையாக எழுதி, புதிய விமர்சனத்தைக் கொடுத்தார். ஒரே படத்துக்கு ஒரே விமர்சகர் அடுத்தடுத்த இதழ்களில் எதிரெதிரான இரண்டு தீர்ப்பு சொல்வதைப் பதிப்பாசிரியர்கள் விரும்பமாட்டார்கள். வாசகர் நம்பிக்கை போய்விடும் என்று பயப்படுவார்கள். நடந்தது அதற்கு நேர்மாறு. அவருடைய சிறப்பு ஞானத்தில் இல்லை, தியேட்டரில் சிரிப்பும் திடீர் மௌனமும் மாறி மாறி வருவதைக் கேட்டுவிட்டுத் தன் முதல் பார்வையில் எதைத் தவறவிட்டோம் என்று சொன்னதில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், எந்தப் படத்தையும் ஒரு முறைக்குமேல் பார்ப்பதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தவர் கேல். முதல் பார்வையின் சூட்டை நம்பியவரும் இரண்டாம் பார்வையின் திருத்தத்தை நம்பியவரும் இந்தப் படத்தில் ஒரே கரையில் வந்து சேர்ந்தார்கள்.

இன்றைய விமர்சனத் தொகுப்புத் தளங்களில் இது எப்படிப் பதிவாகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். 1998-இல் தொடங்கிய ராட்டன் டொமேட்டோஸ் போன்ற தளம் ஒவ்வொரு விமர்சனத்தையும் நல்லது, கெட்டது என்று இரண்டில் ஒன்றாகப் பிரித்து, நல்லவற்றின் விழுக்காட்டைச் சொல்கிறது. முதல் வாரத்தில் கிரவுதர் ஓர் எதிர் வாக்கு, மார்கன்ஸ்டர்ன் ஓர் எதிர் வாக்கு, டைம் இதழ் ஓர் எதிர் வாக்கு. அடுத்த வாரம் மார்கன்ஸ்டர்னின் வாக்கு மாறியிருக்கலாம். ஆனால் அவர் ஏன் மாறினார் என்பதற்கு அந்த எண்ணில் இடமில்லை. அக்டோபரில் வந்த கேலின் ஏழாயிரம் சொற்களும் அங்கே ஒரே ஒரு ஆதரவு வாக்காகச் சுருங்கியிருக்கும். அதற்குள் படம் அரங்கைவிட்டுப் போயிருக்கும் என்பது தனிக்கதை.

1967-இலும் படம் போய்விடும் நிலைதான் இருந்தது. இலையுதிர் காலத்தில் பெரும்பாலான அரங்குகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். லண்டனில் மட்டும் செப்டம்பரில் வெளியாகி அமோகமாக ஓடியது. பானியாக நடித்த ஃபே டன்அவே அணிந்த பெரே தொப்பியும் நீண்ட பாவாடையும் அங்கே கடைவீதி நாகரிகமாயின. டிசம்பர் 8-ஆம் தேதி டைம் இதழ், தான் முன்பு ஒதுக்கிய இதே படத்தை ராபர்ட் ரோஷன்பெர்க் செய்த ஒட்டுச் சித்திரத்தோடு அட்டையில் போட்டு, அமெரிக்கப் படங்களில் ஒரு புதிய காலம் தொடங்கிவிட்டது என்று அறிவித்தது. இவற்றையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு பீட்டி வார்னர் நிறுவனத்திடம் மல்லுக்கட்டினார். வசூலில் அவருக்கு ஒப்பந்தப்படி 40 விழுக்காடு பங்கு இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பிப்ரவரி 1968-இல், பரிந்துரைகள் அறிவிக்கப்பட்ட வேளையில் படம் மறுவெளியீடு கண்டு, முதல் சுற்றைவிடப் பலமடங்கு சம்பாதித்தது. விமர்சகரின் கருத்துக்கு உண்மையில் எந்த வழியாகப் பலம் வருகிறது என்பதை இந்தச் சங்கிலி காட்டுகிறது. கேலைப் படித்துவிட்டு மக்கள் நேரே கூட்டம் கூட்டமாக டிக்கெட் வாங்கவில்லை. மற்ற இதழ்களின் ஆசிரியர்கள் படித்தார்கள்; படத்தைத் தாங்கிப் பேச அவர்களுக்கு ஒரு வாதம் கிடைத்தது; தயாரிப்பாளருக்கு ஸ்டுடியோவோடு பேரம் பேச ஒரு ஆதாரம் கிடைத்தது.

விருதுக்கான வாக்கெடுப்பு இதிலிருந்து வேறுபட்ட பொறி. ஆஸ்கரில் விமர்சகர்களுக்கு வாக்கில்லை; அதை வழங்கும் அகாடமியின் உறுப்பினர்களான திரைத்துறையினருக்கே வாக்கு. நடிகர்கள் நடிகர்களையும் ஒளிப்பதிவாளர்கள் ஒளிப்பதிவாளர்களையும் பரிந்துரைப்பார்கள். சிறந்த படத்துக்கான பரிந்துரையிலும் இறுதிச் சுற்றிலும் எல்லா உறுப்பினர்களும் வாக்களிப்பார்கள். வாக்களிப்பவர் தொழிலில் இருப்பவர் என்பதால், சக தொழிலாளியின் மீதுள்ள மதிப்பு, தன் ஸ்டுடியோவின் மீதுள்ள விசுவாசம், தொழில் வெளியுலகுக்கு எப்படித் தெரிய வேண்டும் என்ற ஆசை எல்லாம் அந்தச் சீட்டில் சேர்ந்து விழும். அந்த ஆண்டின் ‘டாக்டர் டூலிட்டில்’ இதற்குப் பாடப்புத்தக உதாரணம். பெருந்தொகையை விழுங்கி, விமர்சகர்களிடம் அடிவாங்கி, வசூலிலும் சறுக்கிய அந்தப் படத்துக்காக ஃபாக்ஸ் ஸ்டுடியோ, உறுப்பினர்களை அழைத்து விருந்தும் ஷாம்பெயினும் கொடுத்துப் படத்தைத் திரையிட்டது. விளைவு, சிறந்த படம் உட்பட ஒன்பது பரிந்துரைகள். ஒரு பிரிவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லாப் படங்களையும் பார்த்திருந்தால்தான் இறுதிச் சுற்றில் அந்தப் பிரிவில் வாக்களிக்கலாம் என்ற விதியை அகாடமி 2025-இல்தான் அறிவித்தது. அதுவரை அது உறுப்பினரின் மனசாட்சிக்கு விடப்பட்டிருந்தது.

மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதால் இரண்டு நாள் தள்ளிவைக்கப்பட்டு, 1968 ஏப்ரல் 10-ஆம் தேதி, அவருடைய இறுதிச் சடங்குக்கு மறுநாள் விழா நடந்தது. சிறந்த படமாகத் தேர்வானது ‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’. மொத்தம் ஐந்து விருதுகள். தென் மாநிலச் சிற்றூரில் வெள்ளைக்காரக் காவல் தலைவரும் வடக்கிலிருந்து வந்த கறுப்பினத் துப்பறிவாளரும் சேர்ந்து ஒரு கொலையைத் துப்புத் துலக்கும் கதை. சிறந்த இயக்குநர் விருது ‘தி கிராஜுவேட்’ படத்துக்காக மைக் நிக்கல்ஸுக்குச் சென்றது. பத்துப் பரிந்துரை பெற்ற ‘பானி அண்ட் கிளைடு’வுக்குக் கிடைத்தவை இரண்டு: துணை நடிகை, ஒளிப்பதிவு. ஒளிப்பதிவுக்காகப் பரிசு வாங்கிய பர்னட் கஃபி, படப்பிடிப்பில் இயக்குநரோடு ஒத்துப்போகாமல் இடையில் சில நாள் விலகியிருந்தவர்.

இங்கேதான் விடைத்தாள் கணக்கு தடுமாறுகிறது. ‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’ படத்தை ஆகஸ்டில் வெளியானபோதே கிரவுதர் பாராட்டியிருந்தார். ‘தி கிராஜுவேட்’ படத்தை டிசம்பரில் மனம் திறந்து புகழ்ந்தார். இளைஞர்களின் புரட்சிப் படம் என்று பின்னால் கொண்டாடப்பட்ட அதைப் புரிந்துகொள்ள அறுபத்திரண்டு வயது அவருக்குத் தடையாக இருக்கவில்லை. அதாவது, அந்த ஆண்டின் சிறந்த படம், சிறந்த இயக்குநர் என்ற இரண்டு தலையாய விருதுகளிலும் அகாடமியின் ரசனை கிரவுதரின் ரசனையோடு ஒத்துப்போனது. விருதுகளை வைத்து மதிப்பெண் போட்டால் வென்றவர் அவர்தான். அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது என்பதே, விருதுகளை விமர்சகரின் அளவுகோலாக நாம் மெய்யாக நம்பவில்லை என்பதற்குப் போதுமான சான்று.

பரிந்துரைப் பட்டியலின் கீழ்வரிகள் இன்னும் சுவையானவை. படத்தின் இறுதியில் இருவரும் சுட்டுக் கொல்லப்படும் காட்சி, நான்கு கேமராக்களில் வெவ்வேறு வேகத்தில் படமாக்கி, துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் முடிவது. பின்வந்த தலைமுறைப் படத்தொகுப்பாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்துப் பயின்ற பகுதி. அதைத் தொகுத்த டீடி ஆலன் அந்த ஆண்டு படத்தொகுப்புக்குப் பரிந்துரைக்கப்படவே இல்லை. ‘டாக்டர் டூலிட்டில்’ பரிந்துரைக்கப்பட்டது. உடையலங்காரத்தில் தியடோரா வான் ரங்கிள் பரிந்துரைக்கப்பட்டார். இரண்டு கண்டங்களின் கடைவீதிகளை மாற்றிய அவருடைய உடைகளை ‘கேமலாட்’ தோற்கடித்தது. ஜாக் வார்னருக்கு அந்த ஒரு பிரிவிலாவது ஆறுதல் கிடைத்திருக்கும்.

விமர்சகர்களே கொடுக்கும் விருதுகளும் ஒரே குரலில் பேசவில்லை. நாளிதழ்க்காரர்களின் செல்வாக்கில் இருந்த நியூயார்க் திரை விமர்சகர் வட்டம் ‘இன் தி ஹீட் ஆஃப் தி நைட்’ படத்தையே தேர்ந்தெடுத்தது. நியூமனுக்கும் பென்டனுக்கும் திரைக்கதை விருது தந்தது. அந்த வட்டத்தில் இடம் கிடைக்காத இதழ் விமர்சகர்கள் 1966-இல் தொடங்கிய தேசியத் திரை விமர்சகர் சங்கமோ பெர்க்மனின் ‘பெர்சோனா’வைச் சிறந்த படமாக்கியது. இந்தச் சண்டையின் நடுவில் இருந்த படம் இரண்டு இடத்திலும் முதலிடம் பெறவில்லை.

கிரவுதருக்குப் பதிலாக ரெனாட்டா ஆட்லர் 1968-இன் தொடக்கத்தில் பொறுப்பேற்றார். இந்த ஒரு படம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இருபத்தேழு ஆண்டுகள் ஒருவரே அமர்ந்திருந்த நாற்காலி அது, நாளிதழும் இளம் வாசகர்களைத் தேடிக்கொண்டிருந்தது. கேலை ஷான் நிரந்தரமாகச் சேர்த்துக்கொண்டார். ஆண்டில் ஆறு மாதம் கேல், ஆறு மாதம் கில்லியட் என்று ஏற்பாடு. அவருடைய தீர்ப்புகளும் எல்லாம் நிலைக்கவில்லை. 1969-இல் குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யைக் கற்பனை வறட்சியின் பெருஞ்சின்னமாக எழுதி ஒதுக்கினார், அந்தப் படத்துக்கு அதனால் எந்தக் குறையும் வரவில்லை, அந்தக் கட்டுரையும் இன்றுவரை படிக்கப்படுகிறது. 1967-இன் ஐந்து சிறந்த படப் பரிந்துரைகளில் ‘டாக்டர் டூலிட்டில்’ தவிர மற்ற நான்கும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் வெவ்வேறு ஆண்டுகளில் இடம்பெற்றன. முதலில், 1992-இல், இடம்பெற்றது ‘பானி அண்ட் கிளைடு’.

நாளிதழைவிட்ட கிரவுதர், தான் விமர்சித்துவந்த தொழிலுக்குள்ளேயே கொலம்பியா பிக்சர்ஸ் நிறுவனத்தின் ஆலோசகராகப் போனார். கேலும் போனார். 1979-இல் அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்துப் பாரமவுண்டில் வேலைக்கு வழிசெய்தவர் வேறு யாருமில்லை, வாரன் பீட்டிதான். சில மாதங்களில் அந்த வேலை ஒத்துவராமல் 1980-இல் நியூயார்க்கருக்குத் திரும்பினார். அதே ஆண்டு ஆகஸ்டில், கிரவுதரின் நாற்காலியில் ஒரு காலத்தில் அமர்ந்த ரெனாட்டா ஆட்லர், கேலின் புதிய தொகுப்பை எடுத்துக்கொண்டு, அதன் நடையையும் வாதத்தையும் வரி வரியாகப் பிரித்து, அதில் ஒன்றுமே தேறாது என்று நியூயார்க் ரிவியூ ஆஃப் புக்ஸ் இதழில் எழுதினார். கேல் பதில் எழுதவில்லை. 1991-இல் ஓய்வுபெறும்வரை படங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்.